மச்சானின் படகும் என் குட்டைக் கயிறும்

இலை விழுந்ததால் ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பழைய பேப்பர் வாங்கிப் படித்துக் கற்றது. அதை நம்பி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலைக்குப் போகிற ரயிலில் ஏறியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "இலையா, மரமா?" என்று கேட்டேன்.

"இலைதான். நனைந்த இலை தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டால் சக்கரம் வழுக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இதே கூத்து. உலகத்தையே ஆண்டோம் என்று பீற்றிக்கொள்கிறோம், ஒரு இலையை எங்களால் ஆள முடியவில்லை" என்றார்.

எங்கள் பக்கத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுவோம். நன்னிலம் பஸ் அதன் மேல் ஏறித்தான் போகும். யாரும் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவித்ததில்லை. ஒரு இலைக்காக மூன்று முறை மன்னிப்புக் கேட்கிற ஊர் என்று நினைத்தபோதே லேசாகப் பொறாமை எட்டிப் பார்த்தது. போய்ச் சேருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது பாருங்கள்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு வயலைக் காப்பாற்றப் போனேன். அத்தை மகன் கலியமூர்த்தி, எனக்கு மச்சான், ஒரே வயசு. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர்கள். கொடி பிடித்து, கோர்ட்டுக்கு அலைந்து, ஆட்சிகள் மாறி மாறி வந்து, தாசில்தார் ஆபீஸ் வாசலில் செருப்புத் தேய்ந்து, கடைசியில் அந்த நிலம் எங்கள் வீடுகளின் பெயரில் பட்டாவானது. மேட்டு வயல் எங்களுக்கு, அதை ஒட்டிய பள்ள வயல் அவர்களுக்கு. கலியமூர்த்தி தஞ்சாவூரில் டாக்டருக்குப் படித்து இங்கிலாந்து போய்விட்டான். இரண்டையும் நான்தான் சாகுபடி செய்கிறேன்.

இப்போது அவன் பங்கை விலைக்குக் கேட்டு தரகர் தங்கராசு அலைகிறான். மண் அடித்து மேடாக்கி மனை போடுவார்களாம். என் வயலில் விழுகிற மழைத் தண்ணீர் வடிவதற்கு மச்சான் வயலை விட்டால் வேறு வழி கிடையாது. அதை மேடாக்கிவிட்டால் என் சம்பா ஐப்பசி மழையில் நின்ற இடத்திலேயே அழுகும். போனில் கேட்டால், "நேர்ல வாடா மாப்ள, படகுல போய்க்கிட்டே பேசலாம்" என்றான். டிக்கெட்டையும் அவனே அனுப்பினான். விற்காதே என்று கெஞ்சப் போகிறவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற வசதி யாருக்கு வாய்க்கும்?

நடவு முடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்த என் மனைவி வசந்தா சொன்னது: "கேக்க வேண்டியத கேட்டுட்டு வாங்க. அங்க போயி பல்லக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க."

ஸ்டேஷனில் காத்திருந்தவனைப் பார்த்ததும் பல்லைத்தான் காட்டினேன். அவன் பல் என் பல்லை விட நன்றாக இருந்தது. முழங்காலும் நன்றாக இருந்தது. துறையில் மிதந்துகொண்டிருந்த படகுக்குள் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தான். நான் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு காலாக இறக்கினேன்.

படகு என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம். மாடு பூட்டிய வண்டி இரண்டை முன்பின் நிறுத்தினால் என்ன நீளமோ அவ்வளவுதான். நடுவில் ஒரு பாய்மரம். உள்ளே குனிந்து போனால் இரண்டு படுக்கை, ஒரு மேசை, நெல் குதிர் அளவுக்கு ஒரு கக்கூஸ். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாமல் ஊஞ்சல் மாதிரி ஆடி நேராக நிற்கிற ஒரு அடுப்பு. அந்த அடுப்பின் மேல் எனக்கு உண்டான ஆசையை வசந்தாவிடம்கூடச் சொல்லவில்லை.

படகின் பின்புறம் இங்கிலீஷ் எழுத்தில் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரசலாறு.

"நம்ம ஆத்துப் பேருடா" என்றான் பெருமையாக.

ஆற்றங்கரையிலேயே கிடக்கிறவன் நான். ஒரு வெங்காய மூட்டைக்குக்கூட அந்தப் பெயரை வைக்க எனக்குத் தோன்றவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மேசை மேல் கிடந்த ஒரு சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். முழுக்க எண்கள். என்னடா என்றேன். "தண்ணி எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு போட்டிருக்கு. வருஷம் பூராவுக்கும்" என்றான்.

"வருஷம் பூராவுக்குமா?"

"ஆமாம். தீபாவளி அன்னிக்கு எத்தனை மணிக்குத் தண்ணி ஏறும்னு இப்பவே பார்த்துக்கலாம்."

அந்த எண்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டூரை எப்போது திறப்பார்கள் என்று மந்திரிக்கே தெரியாது. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று இன்ஜினீயருக்குத் தெரியாது. வந்த தண்ணீரை முறை வைத்து விடும்போது நம் முறை எப்போது என்பதைத் தலைமடைக்காரனின் மனசைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நிலா கேட்டுக்கொண்டபடி தண்ணீர் வருகிறது, போகிறது. யாரும் மனுக் கொடுப்பதில்லை. மச்சானின் பல், முழங்கால், அடுப்பு எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். இந்தப் புத்தகத்தை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பாயை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனோம். கரை எப்போதும் கண்ணில் படுகிற மாதிரி, ஒரு சிறு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போவதுதான் இவர்களுடைய வழக்கம். குன்றெல்லாம் பழுப்பும் செம்பழுப்புமாக இருந்தது. அறுவடை முடிந்த தாளடி நிறம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காலையில் சாப்பிட்ட ரொட்டி வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு மதியம் வரை நான் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

"தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாருடா. படகைப் பார்க்காத" என்றான்.

"எனக்குப் படகுதான்டா கண்ணுல நிக்குது" என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன், அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

அன்று நங்கூரம் போட்ட குடாவில் இன்னொரு படகு நின்றது. அதில் மார்கரெட் என்கிற வெள்ளை முடி அம்மாள் தனியாகக் கடல் சுற்றுகிறாள். ஒரு குட்டி ரப்பர் தோணியில் துடுப்புப் போட்டு வந்து, காகிதத்தில் சுற்றிய பேஸ்ட்டி கொடுத்தாள். பெரிய சோமாசி என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பூரணத்துக்குப் பதில் உருளைக்கிழங்கும் கறியும். காரம் மட்டும் கிடையாது. வசந்தா கட்டிக் கொடுத்த மாவடுவைத் தொட்டுக்கொண்டேன். மார்கரெட்டும் ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி, "இதைச் சாப்பிட்டுவிட்டா நீங்கள் அமைதியான ஜனங்களாக இருக்கிறீர்கள்?" என்றாள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, "உன் உறவுக்காரன் மற்றவர்கள் மாதிரி இல்லை. நங்கூரம் போட்டதும் எல்லோரும் மது ஊற்றுவார்கள், இவன் அரிசி கழுவுவான்" என்றாள். கலியமூர்த்தி வெட்கத்தோடு அரிசி கழுவிக்கொண்டிருந்தான். இப்படிக் கிண்டல் செய்ய வழியில் ஒரு மனுஷி கிடைப்பதும் ஒரு கொடுப்பினை. எங்கள் தெருவில் என்னைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு இவ்வளவு நல்ல மனசு கிடையாது.

மூன்றாம் நாள் சுக்கானை என் கையில் கொடுத்தான். ஏர் பிடித்த கை என்பதால் சீக்கிரம் படிந்தது. மேழியை அழுத்தினால் மாடு திமிரும்; இதுவும் அப்படித்தான், லேசாகப் பிடித்தால் நேராகப் போயிற்று. "பரவால்லயே! எனக்கு ஒரு சீசன் பிடிச்சுது" என்றான் மச்சான். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வயல் விஷயத்தை எடுத்துவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"கலியா..."

"அந்தக் கயித்தை இழுடா, சீக்கிரம்!"

மூன்று நாளும் இதேதான். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் இழுக்கவோ விடவோ ஒரு கயிறு காத்திருந்தது. முந்தின ராத்திரி சாப்பிடும்போது அவனே, "தங்கராசு போன் பண்ணினான்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரசம் ஊத்திக்கோ" என்று முடித்துவிட்டான்.

ஒரு முனையைத் தாண்டும்போது போனில் சிக்னல் வந்தது. வசந்தா.

"எங்க இருக்கீங்க?"

"கடல்ல."

"இங்கயும் கடல்தான். விடாம மழை. நட்ட பயிர் நுனி மட்டும்தான் தெரியுது. நானே மம்பட்டிய எடுத்துக்கிட்டு போயி கலியமூர்த்தி அண்ணன் வயல் வழியா வடிய விட்டேன். தங்கராசு வந்து நின்னு, 'இன்னும் எத்தனை நாளைக்குங்க, கார்த்திகை பொறந்தா அட்வான்ஸ் குடுத்துக் கல்லு நட்டுடுவோமே'ங்கிறான். நீங்க பேசினீங்களா, இல்லியா?"

"பேசிக்கிட்டேதான் இருக்கேன்."

"பல்லக் காட்டுறீங்க. இங்கேர்ந்தே தெரியுது" என்று வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி வந்த நாள். திருவிடைமருதூரில் அன்னாபிஷேகம் முடிந்திருக்கும், சுவாமி மேல் சாத்திய சோற்றைப் பிரசாதமாக வாங்கியிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ஒரு சின்ன மீன்பிடித் துறைக்குள் நுழைந்தோம். அந்த ஊரின் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி. நான் இரண்டையும் விட்டுவிடுகிறேன். உயரமான கருங்கல் துறைச்சுவர். தண்ணீர் சுவரின் மேல்விளிம்பு வரை தளும்பி நின்றது. படகிலிருந்து அப்படியே சுவர் மேல் காலை வைக்கலாம். என் முழங்காலுக்காகவே கட்டி வைத்த மாதிரி இருந்தது.

முன் கயிற்றை மச்சான் கட்டினான். மார்கரெட் ஏற்கெனவே வந்து சுவரின் அந்தப் பக்கம் படகை நிறுத்தியிருந்தாள். "மீன் வறுவல் தீர்ந்துவிடும், ஓடி வாருங்கள்!" என்று மேலேயிருந்து கத்தினாள்.

"மாப்ள, பின்னாடி கயித்தை அந்த வளையத்துல கட்டிடு" என்று சொல்லிவிட்டுத் துறை ஆபீஸுக்குப் போனான் கலியமூர்த்தி.

கட்டினேன். சம்பா வயலில் நிற்கும் காலத்தில் எங்கள் பக்கம் மாட்டை எப்படிக் கட்டுவோமோ அப்படி. குட்டைக் கயிறு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. நீளக் கயிறு விட்டால் மாடு அடுத்தவன் பயிரில் வாயை வைக்கும், அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்துதான். அடுத்த படகில் போய் இடித்துவிடக் கூடாதே என்கிற மரியாதையில், மிச்சக் கயிறே இல்லாமல் இழுத்து, மூன்று சுற்று கூடுதலாகவும் போட்டேன்.

"கட்டிட்டியா?" என்றான் வந்ததும்.

"அசையாது" என்றேன்.

அந்த மீனைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்தது, உடைத்தால் உள்ளே வாழைத்தண்டு வெள்ளை. மது விற்கிற கடைதான், ஆனால் குழந்தைகளும் நாய்களும் உட்கார்ந்திருந்தன. யாரும் கத்தவில்லை. எங்கள் ஊர் ஒயின்ஷாப்பை நினைத்துக்கொண்டு நான் பெருமூச்சு விட்ட நேரத்தில் ஒரு மீனவர் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். கடை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது.

"என்னவாம்?"

மச்சான் எழுந்துவிட்டான். "நம்ம படகு தொங்குதாம்."

ஓடினோம். நிலா நன்றாக மேலே வந்திருந்தது. சுவரின் மேல்விளிம்பு வரை நின்ற தண்ணீர் ஆள் உயரத்துக்கும் கீழே போயிருந்தது. அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தபடிதான் போயிருந்தது. மச்சான் கட்டிய முன் கயிறு நீளமானது, அது தண்ணீரோடு சேர்ந்து இறங்கியிருந்தது. நான் கட்டிய பின் கயிறு இறங்கவில்லை. அரசலாறு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு, பின்புறத்தை வானத்தில் தூக்கிக்கொண்டு, தூக்கில் போட்ட மாதிரி நின்றது. கயிறு முனகியது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்.

எழுதக் கூசுகிறது, ஆனால் நடந்ததை எழுதுகிறேன். அதைப் பார்த்த அந்தக் கணத்தில் என் உள்ளே ஒரு மூலையில் ஒருத்தன் கைதட்டினான். அடுத்த கணமே வந்த காரியம் ஞாபகம் வந்தது. என் வயலைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் அவன் படகை மூழ்கடித்துவிட்டால் நான் எந்த வாயால் கேட்பேன்?

முடிச்சை அவிழ்க்கப் பாய்ந்தேன். கல்லாக இறுகியிருந்தது. "தொடாத! விலகு! எல்லாரும் விலகுங்க!" என்று கத்தி, மச்சான் சுவரில் மண்டி போட்டு, இடுப்புக் கத்தியை எடுத்து, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு அறுத்தான். கயிறு வெடி மாதிரி அறுந்தது. படகு தொப்பென்று விழுந்து, இரண்டு தடவை தலையாட்டிவிட்டு, ஒழுங்காக மிதந்தது. கயிறு மாட்டும் இரும்புக் கொம்பு பலகையோடு பாதி பிடுங்கிக்கொண்டு நின்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மார்கரெட் மட்டும் என் தோளில் கையை வைத்து, "நானும் ஒரு தடவை தொங்கவிட்டிருக்கிறேன். என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்" என்றாள்.

மச்சான் திட்டுவான் என்று நின்றேன். அவன் வளையத்தில் மிச்சமிருந்த முடிச்சையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"டேய், மாட்டுக் கட்டுடா இது. கடல்ல வந்து மாட்டுக் கட்டு போட்ட ஒரே ஆளு நீதான்."

"சம்பாவுல குட்டையாத்தானேடா கட்டணும்" என்றேன். எனக்கே கேட்க அசடாக இருந்தது.

"ஏன் குட்டையா கட்டுறோம், தெரியுமா?"

"ஊரே அப்படித்தானே கட்டுது."

"ஊரு ஒரு முழம், ரெண்டு முழம் விட்டுத்தான் கட்டும். நம்ம ரெண்டு வீட்டுல மட்டும் ஏன் அரை முழத்துல கட்டுறோம்?"

தெரியாது என்றேன். அவன் சொன்னான். மிராசுதாரோடு எங்கள் அப்பாக்கள் மல்லுக்கு நின்ற வருடம். அவன் அப்பா மாடு கயிறு நீளமாகி என் அப்பாவின் பயிரில் ஒரு மூலையை மேய்ந்துவிட்டது. மிராசுதாரின் காரியஸ்தர் உடனே என் அப்பாவிடம் வந்தார். "உன் மச்சான் மாடு உன் பயிரை அழிச்சிருக்கே. ஒரு வார்த்தை சொல்லு, அவனை நான் பார்த்துக்கறேன்" என்றார். இரண்டு பேரையும் பிரித்துவிட்டால் இரண்டு பேரையும் வெளியேற்றிவிடலாம் என்பது கணக்கு. என் அப்பா சொன்னாராம்: "அது என் மாடுங்க. என் பயிரத்தான் மேஞ்சிருக்கு." காரியஸ்தர் போனதும் என் அப்பாவே போய் அந்த மாட்டை அரை முழக் கயிற்றில் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்கப்பா சாகிற வரைக்கும் இதைச் சொல்லிக்கிட்டிருந்தாரு. உங்கப்பா உங்கிட்ட சொன்னதே இல்லியா?"

சொன்னதில்லை. என் அப்பாவின் கதையைக்கூட அவன்தான் வைத்திருந்தான். அந்தச் சுவரில் உட்கார்ந்து, படகு, பல், தண்ணீர்ப் புத்தகம் எல்லாவற்றையும் விட அதற்குத்தான் எனக்கு அதிகம் எரிந்தது. அந்த எரிச்சல்தான் என் வாயைத் திறந்தது.

"அந்த வயலை விக்காதடா. மேடாக்கினா என் தண்ணி வடிய வழியில்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன். நாலு நாளா உன் கயித்தையே இழுத்துக்கிட்டிருக்கேன்."

அவன் சிரிப்பு நின்றது. "தங்கராசுகிட்ட சரின்னு சொல்லிட்டேன்டா. உனக்கும் சம்மதம்னு சொன்னான். 'அவருக்கும் முடியலிங்க, விட்டாப் போதும்னு இருக்காரு'ன்னான். நீ நேர்ல வந்து அதைத்தான் சொல்லப்போறேன்னு நெனச்சேன். நீயா வாயைத் தொறக்கட்டும்னு இருந்தேன்."

"நானா அப்படிச் சொன்னேன்?"

"உங்கிட்ட என்ன சொன்னான்?"

"நீ பணத்துக்குப் பறக்கிறேன்னு."

 கீழே தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"காரியஸ்தன் இன்னும் சாகலடா" என்றான் மச்சான்.

காலையில் பிடுங்கிய கொம்பைத் திருகி இறுக்கிக்கொண்டே போன் போட்டு, தங்கராசுவிடம் இல்லை என்று சொல்லிவிட்டான். இரண்டே வாக்கியம். நான் வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்த பேச்சில் பாதிகூடச் செலவாகவில்லை. "ஒரே ஒரு கண்டிஷன்" என்றான் என்னிடம். "இனிமே என் படகை நீ கட்டக் கூடாது." அடகு வைத்த நகையைத் திருப்பிக் கொடுக்கிற கடைக்காரன்கூட ஒரு முகச்சுளிப்போடு கொடுப்பான். இவன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். கொடுக்கிற இடத்தில் நிற்கிற அதிர்ஷ்டமும் அவனுக்குத்தான்.

கிளம்பும்போது அறுந்த கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளையில் நீலப் புள்ளி ஓடுகிற கயிறு. கையில் பட்டு மாதிரி வழுக்கும், ஆனால் ஒரு படகையே தூக்கி நிறுத்தியது.

ஊர் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மச்சான் வயல் வழியாகத் தண்ணீர் வடிந்து, பயிர் பச்சை பிடித்திருந்தது. வசந்தா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டாள். நான் மாட்டை அந்தக் கயிற்றால் கட்டினேன், அரை முழத்துக்கு.

சாயங்காலம் தங்கராசு வந்தான். சண்டைக்கு வந்தான் என்றுதான் நினைக்கிறேன். "அண்ணே, நல்லாத்தானே போயிக்கிட்டிருந்துது, அங்க போயி என்ன சொல்லிக் கெடுத்தீங்க?" என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். கண் மாட்டுக்கொட்டிலுக்குப் போனது. கிட்டே போய்க் கயிற்றைத் தடவிப் பார்த்தான். நீலப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"இது... எங்கண்ணே வாங்கினீங்க?"

"இங்க கெடைக்காது. கப்பல் கயிறு" என்றேன்.

"ஒரு நாலு முழம் மிச்சம் இருக்குமா?"

"இல்லப்பா."

அவன் போகவில்லை. மாட்டைப் பார்ப்பதுபோல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அதே கண்ணை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் படகில் கடல் சுற்றிவிட்டு வந்தவன் நான். அவன் ஒருவழியாகக் கிளம்பிப் போன பிறகு, மாட்டை அவிழ்த்து, கொட்டிலின் வாசல் பக்கத்து முளையில் மாற்றிக் கட்டினேன். தெருவில் போகிறவர்களுக்கும் தெரியட்டும்.